தையல் மெஷின் நடந்த பதினெட்டாயிரம் அடி

தெருவில் யாருடைய இடுப்பு எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பது முதலில் தெரியவருவது தையலக்காவுக்குத்தான். டாக்டருக்கு மூன்று மாதம் கழித்துத் தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஆறு மாதம் ஆகும். சம்பந்தப்பட்டவருக்குக் கடைசிவரை தெரியாது. சலவையில் துணி சுருங்கிவிட்டது என்பார். தையலக்கா மறுத்துப் பேசுவதில்லை. "ஆமாங்க, இப்ப வர்ற துணியெல்லாம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, பேண்ட்டின் பின்தையலைப் பிரித்து ஒன்றரை அங்குலம் விடுவார். நோட்டில் தேதி போட்டு அளவை எழுதிக்கொள்வார். பதினாறு வருடத்து இடுப்புகள் அந்த நோட்டுகளில் இருக்கின்றன. வெளியே விட்டால் நாலு குடும்பத்தில் சண்டை வரும்.

பதினேழாம் எண் கட்டடத்தின் தரைத்தளத்தில் எட்டுக்குப் பத்து அடி கடை. புதுத் துணி தைப்பது கிடையாது. பிரிப்பது, பிடிப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளி திறக்கிற மாதத்தில் சீருடைகளுக்கு ஓரம் அடிப்பது. கண்ணாடிக் கதவை ஒட்டிக் காலால் மிதிக்கும் மெஷின். மோட்டார் பொருத்தித் தருகிறேன் என்று கணவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதைப் பார்த்தாலும் மோட்டார் பொருத்தத் தோன்றும். தையலக்கா சம்மதிக்கவில்லை. வயது ஐம்பத்து மூன்று, இரத்தத்தில் சர்க்கரை மூன்று வருடமாக. நாளெல்லாம் மிதிக்கிற காலுக்கு இதுவே போதும் என்பது அவருடைய மருத்துவம்.

அப்படியிருந்த தெருவுக்குள் ஒருநாள் காலை பிளாஸ்டிக் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். மருத்துவமனையிலிருந்து வருகிறாளாம். பன்னிரண்டு தெருக்களில் ஓர் ஆய்வு நடக்கப்போகிறதாம். சர்க்கரை உள்ளவர்களில் பாதிப்பேரைக் கூட்டமாகத் தினமும் நடக்க வைப்பார்கள். மீதிப் பாதிக்கு ஒரு நோட்டீஸ் தருவார்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கு எடையும் சர்க்கரையும் இறங்கியிருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நடை ஜெயித்தால் எல்லாத் தெருவுக்கும் நடைப் பயிற்சி. நோட்டீஸே போதுமென்றால் செலவு மிச்சம்.

யார் எந்தப் பாதி என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. இரட்டைப்படை வீடுகளுக்கு நடை, ஒற்றைப்படை வீடுகளுக்கு நோட்டீஸ்.

"கம்ப்யூட்டர் எங்க மூஞ்சியப் பாத்துச்சா?" என்று கேட்டார் தையலக்கா.

"இல்லம்மா. பாக்கக் கூடாதுன்னுதான் கம்ப்யூட்டர்."

"அப்ப நாங்க என்ன பண்ணணும்?"

"நோட்டீஸப் படிக்கணும். மத்தபடி எப்பவும் போல இருங்க."

"எப்பவும் போல இருந்துதானம்மா சக்கரை வந்துச்சு."

ஆய்வுப் பெண் பலகையில் எதையோ எழுதிக்கொண்டாள். பிறகு எல்லாருக்கும், இரண்டு பக்கத்தாருக்கும், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி கொடுத்தாள். இடுப்பில் செருகிக்கொண்டால் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும். திங்கட்கிழமைதோறும் வந்து எண்களை எடுத்துக்கொள்வாள். கருவிக்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர் சொன்னாள். தெரு அன்று மாலையே அதற்குப் பூச்சி என்று பெயர் வைத்துவிட்டது.

மறுநாள் ஆறு மணிக்கு விசில் சத்தம் கேட்டது. ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவரை நடைக்காரர்களுக்குப் பயிற்சியாளராகப் போட்டிருந்தார்கள். அவர் முன்னால் ஊதிக்கொண்டு போக, இரட்டைப்படைக்காரர்கள் புதுக் காலணி பளபளக்கப் பழைய பஸ் டெப்போ மைதானத்துக்குப் போனார்கள். ஒற்றைப்படைக்காரர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். கல்யாண வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்துகொண்டு அழைப்பில்லாமல் போனவர்களின் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

போனவர்களில் முதல் ஆள் தையலக்காவின் தம்பி. எதிர்ச்சாரியில் இருபத்திரண்டாம் எண். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்; தெருவுக்கே மாஸ்டர். நாளைக்கு ஒன்பது மணி நேரம் காரில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்காகப் பயப்படுவது அவருடைய தொழில். சர்க்கரை அவருக்கும் உண்டு, அக்காவைவிடக் கொஞ்சம் கூடவே. மைதானத்தில் அரைச் சுற்று நடப்பார். பிறகு தசைப்பிடிப்பு என்று பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்குக் கையை எப்படி வீச வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். சொல்லிக்கொடுத்தே பழகிய உடம்பு. என்ன செய்வது?

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை, பூச்சியில் தம்பியின் எண்ணிக்கை அவமானகரமாக இருந்தது. அன்று காலை கடைக்கு வந்தவர் பூச்சியைக் கழற்றி மெஷின் மேல் வைத்தார்.

"அக்கா, இதை உன் மிதியில கட்டிக்கோ."

"எதுக்குடா?"

"நீ சும்மா மிதிக்கிறதானே. எவ்வளவு அடி வீணாப் போகுது பாரு."

"இது திருட்டுடா."

"யாருகிட்ட இருந்து என்னத்தத் திருடறேன்? உன் காலு, என் பூச்சி. குடும்பத்துக்குள்ள நடக்கற விஷயம். ஒரு வாரம் மட்டும் அக்கா, மானம் போகுது."

தம்பி கேட்டு அவர் எதையும் மறுத்ததில்லை. அது அவருடைய நோய்களில் இன்னொன்று. ஒரு துண்டு எலாஸ்டிக் எடுத்து மிதியில் கட்டினார். ஒரு வாரம் ஆறு மாதமானது.

சாதாரண நாளில் மெஷின் பதினோராயிரம் அடி நடந்தது. திரைச்சீலை வேலை வந்தால் பதினாலாயிரம். பள்ளி திறந்த மாதத்தில், சீருடைகள் கூரைவரை குவிந்திருந்தபோது, பதினெட்டாயிரத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மாஸ்டரின் நடையும் கிடையாது.

"சார், சனிக்கிழமை பதினெட்டாயிரத்து நானூறு" என்றாள் ஆய்வுப் பெண், பலகையில் அதை இரண்டு தடவை அடிக்கோடிட்டு.

"அப்படியா? நான் எண்றதில்லம்மா" என்றார் மாஸ்டர். "கால் அது பாட்டுக்குப் போகும்."

மருத்துவமனை நுழைவாயிலில் அவருடைய புகைப்படத்தை மாட்டினார்கள்.

ஒற்றைப்படைச் சாரியில் இதற்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சைக்கிள் கடைக்காரரின் மனைவி, எல்லாருக்கும் சைக்கிளம்மா, ஒருநாள் ரவிக்கைக்கு ஊக்கு வைக்க வந்தவர் கேட்டார்: "ஏன் தையலு, நாம நடந்தா கால் தேஞ்சிடுமா?"

"எப்பவும் போல இருக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காளே அந்தப் பொண்ணு."

"தெரிஞ்சாதானே?"

தெருவுக்குப் பின்னால் ஐந்து மாடி வண்டி நிறுத்தகம் ஒன்று உண்டு. மதியம் இரண்டிலிருந்து மூன்றரைவரை பாதி காலியாக இருக்கும். வெயில் படாது, ஆய்வுப் பெண் வரமாட்டாள். ஆனால் வாசலில் இருந்த காவலாளி சட்டம் படித்தவர் போலப் பேசினார். "வண்டி இல்லாம யாரும் மேல போகக் கூடாது. போர்டுல இருக்கு."

மறுநாள் சைக்கிளம்மா ஒரு சைக்கிளோடு வந்தார். காவலாளி போர்டைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், அதன் பின்னால் நின்ற பதினோரு பேரைப் பார்த்தார். ஒரு வண்டிக்கு எத்தனை பேர் என்று போர்டில் இல்லை. ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் பதினோரு பேர் ஒரு சைக்கிளை ஐந்தாம் மாடிவரை தள்ளிக்கொண்டு போனார்கள். ஏறும்போது யாருக்கும் பேச மூச்சு இருக்காது. இறங்கும்போது அந்த வளைந்த சரிவு காலைத் தானாக இழுக்கும். பாத்திரக்கடைக்காரரும் பல் டாக்டரின் மாமியாரும் தையலக்காவும் கையை விரித்துக்கொண்டு, தலைகால் புரியாமல், மூன்றாம் மாடித் தூணைச் சுற்றிக்கொண்டு ஓடி வருவார்கள். யார் முதலில் சிரிப்பது என்பதுதான் கேள்வி. ஒருவர் ஆரம்பித்தால் தரைத்தளம்வரை நிற்காது. கான்கிரீட் அதைப் பத்து மடங்காக்கித் திருப்பிக் கொடுக்கும். இரண்டாம் மாதம் காவலாளியும் நாற்காலியை விட்டு எழுந்து சேர்ந்துகொண்டார். அவருக்குச் சர்க்கரைகூடக் கிடையாது.

போவதற்கு முன் பதினோரு பூச்சிகளையும் கழற்றித் தையலக்காவின் பொத்தான் டப்பாவில் போட்டுவிடுவார்கள். "பூச்சிங்க தூங்கட்டும்" என்பார் சைக்கிளம்மா. ஆக, கடையில் ஒரு பூச்சி உட்கார்ந்தபடி நடந்தது. பதினோரு பூச்சிகள் நடப்பவர்களை விட்டுவிட்டுத் தூங்கின. இரண்டையும் அறிந்த ஒரே ஆத்மா தையலக்கா. அவர் காதும் காதும் வைத்தாற்போல் இருந்தார்.

அளவு நோட்டு மட்டும் பேசிக்கொண்டிருந்தது. நாலாம் மாதம் பார்த்தால், ஒற்றைப்படைக்காரர்கள் எல்லாரும் இடுப்பைப் பிடித்துத் தரச் சொல்லி வந்தார்கள். இரட்டைப்படைக்காரர்கள் எல்லாரும் விடச் சொல்லி வந்தார்கள். காரணம் டெப்போவுக்கு எதிரே இருந்த பேக்கரி. ஒரு மணி நேரம் நடந்து முடித்தவர்கள் நேராக அங்கே போய், நடந்துட்டோம்ல என்று ஆளுக்கு இரண்டு கிரீம் பன் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து டிபனும் சாப்பிட்டார்கள். விசில்காரருக்கே பாவம் ஒன்றே முக்கால் அங்குலம் விட வேண்டியிருந்தது. மாஸ்டருக்கு இரண்டு தடவை விட்டாயிற்று. இனி விடுவதற்குத் துணி இல்லை.

ஆறு மாதம் முடிந்தது. ஆய்வை நடத்திய டாக்டரின் மேஜையில் கணக்கு விரிந்தது. உயரமான, மெல்லிய குரலில் பேசுகிற மனிதர் அவர். அந்த வாரம் குரல் இன்னும் மெலிந்துவிட்டதாக ஆய்வுப் பெண் பிற்பாடு சொன்னாள். மற்றப் பதினோரு தெருக்களும் ஒழுங்காக இருந்தன. இந்த ஒரு தெருவில் மட்டும், நடந்தவர்கள் பெருத்திருந்தார்கள். நோட்டீஸ் வாங்கியவர்கள் முன்பைவிடக் குறைவாக நடந்து, ஆளுக்கு நாலு கிலோ இளைத்திருந்தார்கள். தெருவிலேயே அதிகம் நடந்த மனிதருக்குத்தான் சர்க்கரை அதிகம் ஏறியிருந்தது.

ஆய்வுப் பெண் கடைக்கே வந்துவிட்டாள். சுற்றிமுற்றிப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்த நோட்டீஸ என்ன பண்ணீங்க?"

"ஏம்மா?"

"யாராவது… சாப்பிட்டீங்களா?"

தையலக்காவின் நோட்டீஸ் அப்போது மேஜைக் காலுக்கு அடியில் நாலாக மடிந்து கிடந்தது. "இல்லையேம்மா" என்றார். பொய் சொல்லாமல் இருக்க முடிந்ததில் அவருக்கு ஒரு சின்ன ஆறுதல்.

அன்று மாலை மாஸ்டர் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் இன்சுலின் ஊசின்னுட்டார் அக்கா. வாழ்நாள் பூரா, தினமும். பதினெட்டாயிரம் அடி நடந்தும் இறங்கல, உங்க உடம்பு நடைக்குக் கட்டுப்படாத வகை, இதுக்கு மேல காத்திருக்கக் கூடாதுங்கறார். செவ்வாய்க்கிழமை ஆரம்பம்."

"நடக்கலன்னு சொல்ல வேண்டியதுதானேடா."

"வாசல்ல போட்டோ மாட்டியிருக்காங்க."

"கழட்டுவாங்க."

"உனக்கென்ன, சுலபமா சொல்லிட்ட. என்கிட்ட வண்டி கத்துக்க வர்றவன் நாளைக்கு என்ன நினைப்பான்? மாஸ்டரே ஏமாத்துக்காரன்னு நினைக்க மாட்டானா?" தண்ணீரைக் கீழே வைத்தார். "நீ வாயத் திறக்காத. என்மேல ஆணை."

இரண்டு நாள் தையலக்காவுக்குத் தையல் கோணலாகப் போயிற்று. ஊசி கெட்டது என்று அவர் நினைக்கவில்லை. தேவைப்பட்டவர்களுக்கு அது உயிர். ஆனால் டாக்டர் எழுதப்போவது தினமும் பதினெட்டாயிரம் அடி நடக்கிற ஒரு மனிதனுக்கு. அப்படி ஒரு மனிதன் கிடையாது. இல்லாதவனுக்கு எழுதிய மருந்து இருக்கிறவன் உடம்பில் ஏறப்போகிறது. ஏறி, சர்க்கரை தடதடவென்று இறங்கி, ஓடுகிற காரில் மயக்கம் வந்து, பக்கத்தில் நேற்றுத்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றவன் இருந்து… அதற்குமேல் நினைக்க அவருக்குத் தெம்பில்லை. அந்த மனிதனை மிதித்து மிதித்து உண்டாக்கியது அவருடைய கால்.

செவ்வாய்க்கிழமை காலை கடையைப் பூட்டிவிட்டு அளவு நோட்டோடு மருத்துவமனைக்குப் போனார். உள்ளே மாஸ்டர் ஏற்கெனவே சட்டைக்கையை மடித்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் கண்ணாலேயே கெஞ்சினார்.

"டாக்டர், அது என் தம்பி நடந்ததில்ல" என்றார் தையலக்கா. "என் மெஷின் நடந்தது."

டாக்டருக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று. நம்புவதற்கு அதுவும் போதவில்லை. கையிலிருந்த பேனாவை மூடிவிட்டு, "நான் பாக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டர், ஆய்வுப் பெண், அக்கா, தம்பி என்று நாலு பேரும் கடைக்கு வந்தார்கள். டாக்டர் மெஷின் முன் உட்கார்ந்தார். முழங்கால் மேஜைக்குள் நுழையவில்லை. ஆய்வுப் பெண் ஸ்டூலை இழுத்துக் கொடுத்தாள். பளபளத்த ஷூவோடு மிதித்தார். பூச்சி எண்ணியது. பத்து, இருபது, நாற்பது. வேகத்தைக் கூட்டினார். சக்கரம் சுழன்றது, நூல் அறுந்தது, அவர் நிறுத்தவில்லை. நூற்று இருபதில்தான் காலை எடுத்தார். முகத்தில் ஒரு வகையான மகிழ்ச்சி இருந்தது. விஞ்ஞான மகிழ்ச்சியா, மிதித்த மகிழ்ச்சியா என்று சொல்ல முடியாது.

"பரவாயில்ல" என்றார் மூச்சு வாங்க. "இவர் கணக்கை எடுத்துடுவோம். நடந்தவங்க வெயிட் போட்டதுக்கு வேற காரணம் தேடுவோம்."

"பேக்கரி" என்றார் தையலக்கா.

"குறிச்சுக்கோம்மா. ஆனா நோட்டீஸ் பிரமாதமா வேலை செஞ்சிருக்கு. அதுல சந்தேகமே இல்ல. இதையே அம்பதாயிரம் காப்பி அடிக்கச் சொல்லி எழுதப் போறேன்."

இந்த இடத்தில் தையலக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தம்பி தப்பித்துவிட்டான், பதினோரு பேரின் ரகசியமும் பத்திரம். ஆனால் உண்மை என்பது ஸ்வெட்டர் நூல் மாதிரி. ஒரு முனையை இழுத்தவர் பாதியில் விட முடிவதில்லை.

"டாக்டர், அதையும் கொஞ்சம் நிறுத்தி வைங்க" என்றார்.

வண்டி நிறுத்தகம், ஐந்து மாடி, ஒரு சைக்கிள், பொத்தான் டப்பா, காவலாளி எல்லாம் வெளியே வந்தது. அளவு நோட்டைத் திறந்து, யார் எப்போது எத்தனை அங்குலம் என்று காட்டினார். ஆய்வுப் பெண் பலகையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் நோட்டை மூன்று தடவை புரட்டினார். "எதுக்கும்மா ஒளிஞ்சு நடந்தீங்க?"

"நடக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னது? நோட்டீஸ்லயே இருக்கே. மூணாம் பக்கம், பெரிய எழுத்துல. தினமும் நாப்பது நிமிஷம் நடக்கணும்னு."

தையலக்கா மெல்லக் குனிந்து மேஜைக் காலுக்கு அடியிலிருந்து நோட்டீஸை உருவினார். மேஜை ஒரு பக்கம் சாய்ந்தது. மடிப்பைப் பிரித்து மூன்றாம் பக்கத்தைப் பார்த்தார். இருந்தது. படம்கூடப் போட்டிருந்தார்கள்.

"ஒருத்தர்கூடப் படிக்கலையா?" என்றார் டாக்டர்.

"மொதப் பக்கம் பாத்தோம் டாக்டர்."

முதலில் சிரித்தது ஆய்வுப் பெண். தரையில் உட்கார்ந்தபடி, அழுகிறாளோ என்று சந்தேகப்படும்படி தோள் குலுங்கியது. அப்புறம் டாக்டர், சத்தமே வராமல், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. மடித்த சட்டைக்கையோடு, யாரோ தன் பெயரைக் கூப்பிட மறந்துவிட்டது போல நின்றார்.

அவரிடம் டாக்டர் சொன்னார்: "மாஸ்டர், ஊசி இப்ப வேண்டாம். மாத்திரையத் தவறாம போடுங்க, மூணு மாசம் உண்மையிலயே நடங்க. நடுவுல மாசாமாசம் இரத்தம் பாத்துக்குவோம். இறங்கலன்னா அப்ப ஊசி. அது உங்களுக்கு எழுதற ஊசியா இருக்கும்."

இறுதி அறிக்கையில் பன்னிரண்டு தெரு பதினொன்றானது. விடுபட்ட தெருவுக்குக் காரணம் என்ற கட்டத்தில், பங்கேற்பாளர்களின் அளவுமீறிய ஆர்வம் என்று எழுதியிருந்ததாகக் கேள்வி. மற்றத் தெருக்களில் நடைதான் ஜெயித்திருந்தது. விசில் எல்லாருக்கும் பொதுவாயிற்று. புகைப்படத்தைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது.

மாஸ்டர் நாலு நாள் அக்காவோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு நிறுத்தகத்தின் வாசலில், யாரையோ எதேச்சையாகப் பார்க்க வந்தவர் போல நின்றிருந்தார். டெப்போவில் எல்லாரும் பார்ப்பார்களாம். காவலாளியையும் சேர்த்துப் பதின்மூன்று பேரும் ஒரு சைக்கிளும் கிளம்பினார்கள். இரண்டாம் மாடியில் ஒரு காரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இன்னும் எவ்வளவு அக்கா?"

"மூணு மாசம்" என்று சொல்லிவிட்டுத் தையலக்கா ஏறிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இறங்கும்போது, முதல் தடவையாக, மூன்றாம் மாடித் தூணருகே தம்பி சிரித்ததும் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவான் என்று அவர் திரும்பவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. முழுக்க இல்லை, ஊசி வேண்டாம் என்கிற அளவுக்கு. மாஸ்டர் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தார், தொளதொளவென்று தொங்கிய பேண்ட்டோடு.

"பாத்தியா அக்கா? என் உடம்பு நடைக்குக் கட்டுப்படற வகைதான். எனக்கு அப்பவே தெரியும். அந்த டாக்டருக்குத்தான் தெரியல."

தம்பியைத் திரும்பி நிற்கச் சொல்லி, இடுப்புத் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார் தையலக்கா. வாயில் நாலு குண்டூசி இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.